தெமுவான் டுசுனில் டுரியான் காலம்

பத்துமலைக்குப் போகாத மலேசியத் தமிழர் இருக்க மாட்டார். 1878-இல் வில்லியம் ஹோர்னடே என்ற அமெரிக்கர் அந்தக் குகைகளை வெளியுலகுக்குக் காட்டியது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் எழுப்பியது, 1892-இல் தொடங்கிய தைப்பூசம், எல்லாம் நம் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் எழுதும் சங்கதிகள். இவர்களுக்கெல்லாம் முன்பே அந்தக் குகைகளில் ஒதுங்கித் தங்கி, சுற்றுக்காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் தெமுவான் மக்கள். அவர்களைப் பற்றி எந்தப் பிள்ளையும் எழுதி நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை.

கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் தெமுவான். கோல குபு பாருவுக்கு மேலே பெர்தாக் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். "டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது, வருகிறாயா?" என்று கேட்டார். டுரியானுக்கு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.

முதலில் தெமுவான்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளை அரசாங்கம் பதினெட்டு இனங்களாகப் பிரித்து, நெக்ரித்தோ, செனோய், மெலாயு அஸ்லி என்று மூன்று பெரும் பிரிவுகளுக்குள் வைத்திருக்கிறது. தெமுவான் மூன்றாவது பிரிவு. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், மலாக்கா, ஜோகூரின் வடபகுதி, இவ்வளவுதான் அவர்கள் வாழும் இடம். வரைபடத்தில் பார்த்தால் புரியும், நாட்டிலேயே அதிகமாக நகரமாகிப்போன பகுதி அது. காட்டுக்குள் தேடிப்போக வேண்டிய மக்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூர், ஷா ஆலாம், சிரம்பான், விமான நிலையம் எல்லாம் அவர்கள் இருந்த இடத்தில்தான் எழும்பியிருக்கின்றன. அவர்கள் பேசுவது மலாய்க்கு நெருங்கிய மொழி. மெதுவாகப் பேசினால் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அவர்களுக்குள் பேசிக்கொண்டபோது பாதிகூடப் பிடிபடவில்லை.

கோல குபு பாரு அழகான, தூங்குமூஞ்சி ஊர். பழைய கோல குபு 1883-இல் அணை உடைந்து வெள்ளத்தில் போனது. வெள்ளம் அதற்குப் பிறகும் விடாததால் மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர் இது. அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, புக்கிட் பிரேசருக்குப் போகும் 55-ஆம் எண் சாலையில் ஏறினோம். சில நிமிடங்களில் இடப்பக்கமோ வலப்பக்கமோ தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிடும். சிலாங்கூர் ஆற்றின் அணை அது. பார்வைத் தளம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்காரர்கள் கூட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு இந்த ஆற்றின் தண்ணீர். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கட்டியபோது பெர்தாக், கெராச்சி என்ற இரண்டு தெமுவான் கிராமங்கள் இடம் மாற வேண்டியதாயிற்று.

இப்போதைய கிராமத்தில் கல்வீடுகள், ஆஸ்ட்ரோ தட்டுகள், வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள், ஒரு சின்ன கடை. மூங்கில் வீட்டையும் இலைத் தலைப்பாகையையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடிகள், அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நல்ல அருங்காட்சியகம், பொறிகளும் கூடைகளும் முகமூடிகளும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நண்பரின் அத்தை வீட்டுக்குப் போவதற்கு முன், பாத்தின் வீட்டு வாசலில் நின்று தலையைக் காட்டிவிட்டுத்தான் போனோம். பாத்தின் என்றால் கிராமத் தலைவர். அவருக்குக் கீழே ஜெனாங், ஜுக்ரா என்று பொறுப்புகள் உண்டு. கல்யாணம், சண்டை, சொத்து, சாவு, எல்லாவற்றுக்கும் அடாட் என்கிற வழக்கப்படி தீர்ப்புச் சொல்வது இவர்கள்தான். நெகிரி செம்பிலானில் இந்த உறவு இன்னும் ஆழமானது. அங்கே உண்டாங் என்னும் ஆட்சித் தலைவர்கள் வருகிற பிடுவாண்டா குலம், மினாங்கபாவ் குடியேறிகளும் இந்தப் பூர்வகுடிகளும் கலந்து உண்டானது என்பதை அந்தக் குலத்தாரே சொல்வார்கள்.

அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் 'மாக் சிக்' என்றே கூப்பிட்டேன். கறுப்புக் காப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. வயிறு நிறைய ரொட்டி சானாய் இருந்ததால், "வேண்டாம் மாக் சிக், இப்போதுதான் சாப்பிட்டோம்" என்றேன். "சரி, தொட்டாவது வை" என்றார். கொடுத்த சாப்பாட்டை மறுத்துவிட்டுக் காட்டுக்குள் போனால் கெம்புனான் பிடிக்கும். பாம்போ விழுகிற கிளையோ, ஏதாவது ஒன்று வந்து சேரும். சாப்பிட முடியாவிட்டால் விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். மலாய்க்காரர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. கிழங்கில் ஒரு துண்டு எடுத்தேன். தேங்காய்த் துருவலோடு நன்றாகவே இருந்தது, இன்னும் இரண்டு எடுத்தேன்.

டுசுனுக்கு, அதாவது பழத்தோப்புக்கு, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். நம் ஆட்கள் 'தோட்டம்' என்றால் வரிசை வரிசையாக ரப்பரோ செம்பனையோ கண்ணில் வரும். என் தாத்தா வாழ்ந்தது அந்த வரிசைகளுக்கு நடுவில். டுசுனில் வரிசையே கிடையாது. டுரியான், அதன் பக்கத்தில் ரம்புத்தான், நடுவில் பெத்தாய் என்னும் வாசம் தூக்கலான காட்டு அவரை மரம், ஒரு மூலையில் தம்போய், ராம்பாய், லங்சாட், கீழே பிரம்பு, மெங்குவாங் தாழை, மூங்கில். முதல் பார்வைக்குக் காடு. கூட வந்தவர் சொல்லச் சொல்லத்தான் அது தோப்பு என்று தெரிகிறது. "இது என் தாத்தா வைத்தது. அது பெரியம்மா பங்கு. அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதே, அது பழைய வீட்டு வாசலில் நின்ற மரம்." எந்த வீடு என்று கேட்டேன். வீடு போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, மரம் நிற்கிறது.

மரத்தை வைத்தவருக்கு மரம் சொந்தம், அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் நாலு பேர் என்றால் பழத்தை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள், மரத்தை யாரும் விற்பதில்லை. இந்த மண்ணில் முந்தைய தலைமுறைகள் எங்கெங்கே குடியிருந்தன என்பதை டுரியான் மரங்களை வைத்தே சொல்லிவிடலாம். மரங்களுக்குப் பக்கத்திலேயே புதைகுழிகளும் இருக்கும். மோயாங் என்று அழைக்கும் முன்னோருக்கு ஆண்டுக்கு ஒரு நாள் உண்டு, அரி மோயாங். அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, சாப்பாடு வைத்து, உறவெல்லாம் கூடுவார்கள். தோப்பும் இடுகாடும் ஊரும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும். பட்டா, கிராண்ட் என்று எந்தக் காகிதமும் கிடையாது.

டுரியானை அவர்கள் பறிப்பதில்லை, விழ வேண்டும். பெரும்பாலும் ராத்திரியில்தான் விழும். அதனால் பருவம் வந்தால் தோப்புக்குள் சின்னக் குடிசை போட்டு, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடுவார்கள். விடிவதற்குள் பொறுக்காவிட்டால் காட்டுப்பன்றி முந்திக்கொள்ளும். நாங்கள் தங்கிய ராத்திரி 'தொப்' என்று சத்தம் வரும்போதெல்லாம் ஒரு பையன் டார்ச்சோடு ஓடினான், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ரகத்துக்குப் பேர் எல்லாம் இல்லை, கம்போங் டுரியான்தான். கொட்டை பெரிது, சதை கம்மி. ஆனால் அந்தக் கசப்பு இனிப்பை முசாங் கிங் என்ற விலை உயர்ந்த ரகம்கூட எனக்குத் தந்ததில்லை. இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

டுரியான் பூவும் ராத்திரியில்தான் மலரும். மகரந்தம் சேர்ப்பது தேன் குடிக்கும் வௌவால்கள். பெத்தாய்க்கும் அவைதான். அந்த வௌவால்கள் குகைகளில் கூட்டமாக அடைபவை, பத்துமலைக் குகைகளிலும் இருக்கின்றன. பூத்த மரத்தைத் தேடி ஒரே ராத்திரியில் வெகு தூரம் பறந்துவிட்டு வரும். நாம் படியேறி அரோகரா சொல்லும் இடத்துக்கும் இந்த மக்களின் வருமானத்துக்கும் அப்படி ஒரு பழைய தொடர்பு இருக்கிறது.

மறுநாள் அத்தையின் தம்பி சும்பித்தானை எடுத்துக் காட்டினார். ஊதுகுழல், என் உயரத்தைவிட நீளம். உள்ளே ஒரு மூங்கில் குழாய், அதைக் காக்க வெளியே இன்னொன்று. அம்பின் முனையில் ஈப்போ மரத்தின் பால் தடவுவார்கள். ரத்தத்தில் கலந்தால்தான் அந்த விஷம் கொல்லும், அதனால் அடிபட்ட குரங்கையோ அணிலையோ சமைத்துச் சாப்பிடலாம். இப்போது இவரும் பெரும்பாலும் ரப்பர் வெட்டுகிறார், பெத்தாய் விற்கிறார். விஷம் இல்லாத அம்பைக் கொடுத்து, வாழைத் தண்டைக் குறிவைக்கச் சொன்னார். அம்பு எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம்தான் வெள்ளக் கதை கேட்டேன். முன்னொரு காலத்தில் தெமுவான்கள் செலாவ் செய்துவிட்டார்கள், அதாவது தெய்வத்தையும் முன்னோரையும் கோபப்படுத்தும் குற்றம். தண்டனையாகப் பெருவெள்ளம் வந்து எல்லோரையும் கொண்டுபோனது. மாமாக், இனாக் பொங்சு என்ற கணவன் மனைவி மட்டும் சிலாங்கூர், பகாங் எல்லையில் உள்ள குனோங் ராஜாவில் ஓர் அகில் மரத்தில் ஏறித் தப்பினார்கள். மனைவி மடியில் மாமாக் தூங்கியபோது கனவில் ஒரு மந்திரம் வந்தது. விழித்து அதைச் சொன்னதும் புயலும் வெள்ளமும் அடங்கின. தெமுவான் இனமே அந்த மலையிலிருந்துதான் வந்தது. நம் பழம்பாடல்களில் பெண்கள் கூந்தலுக்குப் புகை போடுவார்களே, அதே அகில்தான். இந்த மலைக்காடுகளில் அதைத் தேடி எடுத்து வியாபாரிகளுக்கு விற்றதும் இவர்களைப் போன்றவர்களே.

இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஜனங்களிடம் போய், உங்கள் பள்ளத்தாக்கை ஏரியாக்கப் போகிறோம் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பெர்தாக்கைச் சேர்ந்த மினா அங்கோங், எல்லோருக்கும் மாக் மினா. காட்டையும் ஆற்றையும் பாடும் தெமுவான் பாடல்களை அக்கார் உம்பி என்ற குழுவோடு மேடையேற்றியவர். பெண்கள் நீளமும் குட்டையுமான மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்டித் தாளம் போட, அவர் குரல் மேலே போகும். 1998-இல் சரவாக்கின் மழைக்காட்டு இசைவிழாவில் பாடினார். 1999-இல் இறந்துவிட்டார். ஏரி நிறைவதை அவர் பார்க்கவில்லை.

பெர்தாக்கிலிருந்து திரும்பிய பிறகு, டெங்கில் பக்கம் இருக்கும் புக்கிட் தம்போய்க்கும் ஒருநாள் போனேன். காரணம், மரம் யாருக்குச் சொந்தம் என்று டுசுனில் கேட்ட பேச்சு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டம் படித்தவர்களுக்கு, இந்த ஊர்த் தெமுவான் ஒருவரின் பெயரில் நடந்த 'சாகோங் தாசி' வழக்கு தெரியும். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் இங்கே தெமுவான் குடும்பங்களிடமிருந்து 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வெளியேற 14 நாள் அவகாசம். நட்ட ஈடு எதற்கு என்றால் வீட்டுக்கும், பயிருக்கும், பழ மரங்களுக்கும் மட்டும். நிலத்துக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடிச் சட்டத்தில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது அதிகாரிகளின் வாதம். எனக்கு இது ஆறவே இல்லை. மரத்தைத் தாத்தா வைத்தார் என்று ஒப்புக்கொண்டு அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். தாத்தா அந்த மரத்தை ஆகாயத்திலா நட்டார்?

குடும்பங்கள் வழக்குப் போட்டன. இவர்கள் இப்போது காட்டை நம்பியா பிழைக்கிறார்கள், நகரத்து ஆட்கள் போலத்தானே வாழ்கிறார்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தில் வந்தது. 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காட்டில் பொருள் சேர்த்துப் பிழைப்பதை விட்டதால் ஒரு சமூகம் தன் வழக்கத்தையும் மண்ணின் மீதான உரிமையையும் விட்டுவிட்டதாக ஆகாது என்று சொல்லி, நிலத்துக்கும் நட்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. கடைசியில் 2010-இல் 65 லட்சம் ரிங்கிட்டுக்குச் சமரசமானது. ஆஸ்ட்ரோ தட்டும் ஹெல்மெட்டும் இருக்கிற கிராமத்தைப் பார்த்து "இவர்களிடம் பாரம்பரியம் எங்கே இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்த வழக்கைப் படிக்கச் சொல்வேன்.

புக்கிட் தம்போயில் பெரிதாகச் சுற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. சாலையோரம் ஒரு பெண் மெங்குவாங் பைகளை விற்றுக்கொண்டிருந்தார். முள்ளைச் சீவி, இலையைக் கீறி, வேகவைத்து, ஊறப்போட்டு, காயவைத்து, அதன் பிறகுதான் பின்னவே ஆரம்பிக்க முடியும் என்றார். அந்த உழைப்புக்கு அவர் சொன்ன விலை ரொம்பக் குறைவு. பேரம் பேசாமல் வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெரிய டுரியான் பருவம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, ஆண்டுக் கடைசியில் இன்னொன்று வரும். 55-ஆம் எண் சாலையில் ஓரமாக மேசை போட்டு விற்பவர்களில் பலர் தெமுவான்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். கிராமத்துக்குள் போவதாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரோடு, பாத்தினிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கல்லறைப் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். காட்டில் அட்டையைப் பார்த்துக் கேலி செய்து சிரிக்காதீர்கள், அதுவும் செலாவ்தான், இடி மழை வரும் என்பார்கள். பெத்தாய் வாங்கினால் காரின் பின்பெட்டியில் வையுங்கள். டுரியானோடு சேர்ந்து அடிக்கும் வாசம் கோலாலம்பூர் வந்த பிறகும் போகாது.