இரண்டு மணிக்குக் குசினி பூட்டிவிடுவார்கள்

வாகனம் தென்மேற்குப் பிரான்சின் சார்லா என்ற ஊரைத் தாண்டும்போது மணி ஒன்றே முக்கால். பின்சீற்றில் இருந்து நான் கத்திக்கொண்டே வந்தேன். "கெதியா ஓட்டடா, ரெண்டு மணிக்குக் குசினி பூட்டிப்போடுவாங்கள்." ஓட்டியவன் நம்பவில்லை. அவன் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கத்து ஆள். அங்கே எந்த நேரம் போனாலும் கொத்துரொட்டி கிடைக்கும். பிரான்சின் கிராமப்பக்கத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கிறவர்களை உள்ளே சமையலறையில் என்னென்ன சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் திட்டியிருக்கிறேன். பாரிசில் பதினொரு வருடம் கோப்பை கழுவியவன்.

பயணத்துக்குக் காரணம், எங்கள் கூட்டாளி ஒருவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. நேர்முகத்தில் 1789 என்ன நடந்தது என்று கேட்டபோது ஜூலை 14 வரை கடகடவென்று ஒப்புவித்துவிட்டானாம். நதிகளின் பெயர் கேட்டபோதுதான் சென் நதியோடு வாய் அடைத்துப்போயிருக்கிறது. கடைசியில் எங்கிருந்தோ 'தொர்தோஞ்' என்று வந்து விழுந்திருக்கிறது. "என்னைக் காப்பாத்தின ஆறை ஒருக்கால் பாக்கவேணும் மச்சான்" என்றான். அப்படித்தான் ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை, ஐந்நூறு கிலோமீற்றர் தாண்டி, அந்த ஆறு ஓடுகிற பெரிகோர் பக்கம் ஐந்து பேர் வந்து சேர்ந்தோம். ஆற்றைக் காலையில் பார்த்தாயிற்று. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றான். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றரைக்கு, ஆதிமனிதரின் ஓவியங்களுக்குப் பேர்போன லஸ்கோ குகைக்கு ரிக்கற் எடுத்திருந்தோம்.

சாப்பாட்டுக்கடை வாசலில் நுழைந்ததும் எல்லோருக்குமாக ஒரு 'போன்ஜூர்' சொன்னேன். அதைச் சொல்லாமல் மேசை கேட்டால் இந்த ஊரில் பாதிக் காரியம் கெட்டுவிடும். அம்மா வயதுப் பெண்மணி மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து ஜன்னலோர மேசையைக் காட்டினார். சரி, தப்பினோம்.

முதலில் பாண் கூடை வந்தது, கேட்காமலே. நான் வந்த புதிதில் எனக்குப் புரிந்த பிரெஞ்சு இரண்டே சொல்தான். முதலாளி 'குசின்' என்றார், குசினிக்குள் போனேன். 'பான்' என்றார், பாணை எடுத்துக் கொடுத்தேன். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள் நானூறு வருடம் கழித்து எனக்கு முதல் நாள் வேலையைக் காப்பாற்றித் தந்தன.

அடுத்தது உள்ளிச் சூப், மண்சட்டியில். பக்கத்து மேசைக் கிழவர் சூப் முடிகிற தறுவாயில், கிண்ணத்தின் அடியில் கிடந்த மிச்சத்தோடு கொஞ்சம் சிவப்பு வைனை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்தார். நாங்கள் வாய் பார்ப்பதைக் கண்டு "ஷாப்ரோ!" என்று அந்தப் பழக்கத்தின் பெயரைச் சொல்லிப் போத்தலை நீட்டினார். ஊரில் பனையோலைப் பிளாவில் கூழ் குடித்த கைகளுக்கு இது ஒரு வேலையா? புதுப் பிரெஞ்சுக்காரன்தான் முதலில் குடித்தான். கிழவர் கைதட்டினார்.

சிக்கல் எங்களோடு வந்த அக்காவால் வந்தது. புரட்டாதிச் சனி, அவர் முட்டைகூடத் தொடமாட்டார். வாத்தும் வாத்து ஈரலுமாக இருக்கிற ஊரில் சைவம் கேட்டால் என்ன கிடைக்கும்? கீரைச் சலாட், அக்ரோட்டுக்கொட்டை, சின்ன வட்டமாக ஆட்டுப்பால் சீஸ், ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு. கிழங்கு மேசையில் வைத்ததுமே எனக்கு மணத்தில் தெரிந்துவிட்டது. பெரிகோரில் கிழங்கை எண்ணெயில் பொரிப்பதில்லை, வாத்துக் கொழுப்பில், உள்ளியும் பார்ஸ்லியும் போட்டு. அந்தக் கொழுப்பு ஒட்டின சட்டியைச் சுடுதண்ணீரில் எத்தனை தரம் தேய்த்திருப்பேன்! "அக்கா, அது சூடு, இஞ்ச தாங்கோ" என்று தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு இன்னொரு கூடை பாண் கேட்டேன்.

எங்களுக்கு வாத்துக்கால். உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக வேகவைத்து, அதே கொழுப்பில் மூடிவைத்திருந்து, கடைசியில் தோலை மொறுமொறுப்பாக்கித் தருவார்கள். முள்ளுக்கரண்டி பட்டதும் எலும்பு தானாகக் கழன்றது. இதே காலைப் பாதி தின்றபடி எத்தனையோ தட்டுகள் என் தொட்டிக்கு வந்திருக்கின்றன. சூடாக என் முன்னால் வைத்தது அன்றுதான். தின்று முடித்ததும் கை தன்பாட்டில் எல்லோருடைய எலும்பையும் ஒரே தட்டில் வழித்து, தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டது. புதுப் பிரெஞ்சுக்காரன் மேசைக்குக் கீழே காலால் உதைத்தான்.

பிறகு சீஸ், அதற்குப் பிறகு அக்ரோட் கேக், அதுவும் முடிந்த பிறகுதான் கோப்பி. இனிப்போடு சேர்த்துக் கோப்பி கேட்ட தம்பிக்கு "வரும்" என்று மட்டும் பதில் வந்தது. இப்படி வரிசையாக, அவசரமில்லாமல் சாப்பிடுகிற முறையைத்தான் 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கலியாணப் பந்தியில் பாயசம் வரும்போதே அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

பில் 150 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம் என்றாலும் மேசையில் சில்லறை வைப்பது வழக்கம். நான் கழுவிய இடங்களில் அந்தச் சில்லறை தொட்டிப்பக்கம் வந்ததேயில்லை. அதனால் ஐந்து யூரோவைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்குப் போய், ஏப்ரனோடு நின்ற பெடியனிடம் நேரே கொடுத்தேன். ஏதோ தவறாகக் கொடுக்கிறேன் என்று நினைத்துத் திருப்பித் தரப் பார்த்தான்.

வாகனத்தில் ஏறின பிறகுதான் அக்காவுக்கு ரிக்கற் ஞாபகம் வந்தது. மணி நாலே கால். குகை இருக்கிற மொந்திஞாக் போக இன்னும் அரை மணித்தியாலம். எல்லோரும் குற்றவாளியைத் தேடுவது போலப் புதுப் பிரெஞ்சுக்காரனைப் பார்த்தார்கள்.

"அசல் குகையை 1963இலேயே பூட்டிப்போட்டாங்கள். நாங்கள் பாக்க இருந்தது நகல்தானே, விடுங்கோ" என்றான் அவன், சீற்றைப் பின்னால் சாய்த்தபடி.