செயின்சா கயிறு அசையாவிட்டால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்

போன மாதம் அடித்த காற்றில் ஒரு பால்மரம் (ரப்பர் மரம்) சாய்ந்து, மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டது. எங்களுடையது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளிக்கிழமை பூசைக்குள் வழியைத் திறந்தாக வேண்டும். அப்பாவின் செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம், ஸ்டோரில் இருக்கிறதே என்று எடுத்து வந்தேன்.

கயிறு ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. பலம் கொடுத்து இழுத்தால், கைப்பிடி விரலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. பத்துத் தடவைக்கு மேல் இழுத்ததில் தோள் இரண்டு நாள் வலித்தது. அப்பா அத்தனை பத்திரமாக வைத்திருந்த சாமான் என் கையில் கெட்டுப்போனதோ என்று மனம் தவித்தது.

மறுநடவுக் காலத்தில் மரம் அறுத்துப் பழகிய பக்கத்து வீட்டு மாமா சத்தம் கேட்டு வந்தார். “இழுக்காதடா. சுவிட்சை அணைச்சுட்டு பிளக்கைக் கழட்டு.”

கழற்றினேன். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. பிளக் ஓட்டை கீழே பார்க்க ரம்பத்தைக் கவிழ்த்து, பிளக் வயரைத் தூரமாக ஒதுக்கிவிட்டு மெதுவாக இழுக்கச் சொன்னார். கயிறு வெண்ணெயாக வந்தது. ஓட்டையிலிருந்து பெட்ரோல் கொட்டியது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கினால் பிஸ்டன் மேலே ஏற முடியாது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாதே! பிளக் இல்லாமலும் இறுக்கமாக இருந்திருந்தால், ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றிக் கயிற்றைத் தனியாகவும், இஞ்சினோடு சுழலும் சக்கரமான பிளைவீலைக் கையாலும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். கயிறு சுலபமாக வந்து பிளைவீல் மட்டும் சுழலாவிட்டால் கோளாறு இஞ்சினுக்குள்தான்.

பெட்ரோல் எப்படி உள்ளே போனது? தப்பு என்னுடையது. தைப்பூசத்துக்கு முன் வேலை முடிந்ததும் டாங்கி நிறைய பெட்ரோலோடு வைத்துவிட்டேன். தகரக் கூரை ஸ்டோரில் பகல் சூட்டில் டாங்கிக்குள் அழுத்தம் ஏறும். பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி தேய்ந்திருந்தால் அந்த அழுத்தமே பெட்ரோலை இஞ்சினுக்குள் தள்ளிவிடும். எங்கள் ஊர் வெயிலுக்கு இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

கொட்டிய இடத்தைத் துடைத்து, ஆவி போகும்வரை காத்திருந்து, பிளக்கைக் காயவைத்து மாட்டினோம். டாங்கியிலிருந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான எண்ணெய்) கலந்து ஊற்றினோம். பிறகு வேறு இடத்துக்கு நகர்ந்து, செயின் பிரேக்கைப் போட்டு, ரம்பத்தைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் வலது காலை ஊன்றினேன். பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் போடவில்லை. பிடிப்புத் தட்டும்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வெட்டாக இழுத்தேன். நாலாவது இழுப்பில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

பால் ஒட்டிய சங்கிலியைத் துடைத்துத் துடைத்து வியாழன் மாலைக்குள் மரத்தை அறுத்து ஒதுக்கினோம். ஊசியைப் பட்டறையில் மாற்றியாயிற்று. இப்போது டாங்கியைக் காலி செய்த பிறகே ரம்பத்தை ஸ்டோரில் வைக்கிறேன்.