நின்னா நல்லதுதானுங்க

"வாந்தி நின்னிருச்சுங்க சிஸ்டர். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

கேட்டது கட்டிலில் கிடந்தவரின் மனைவி. நான் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நின்னா நல்லதுதானுங்க" என்றேன்.

அவ்வளவுதான். போகச் சொல்லவில்லை. டாக்டர் இருக்கச் சொன்னதை மீறி, சொந்தப் பொறுப்பில் என்று கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போனார்கள். கேஸ் ஷீட்டில் என் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் எனக்குத் தெரியும். மூலனூர்ப் பக்கம் பிறந்தவளுக்குக் கண்வலிக்கிழங்கு தெரியாமலா? லீவு நாளில் சித்தப்பா தோட்டத்தில் கம்பிப் பந்தலுக்குக் கீழே நின்று, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்திருக்கிறேன். பள்ளியில் மாநில மலர் என்று வரைந்த அதே செங்காந்தள். முதல் நாள் ராத்திரி அந்த அம்மா மஞ்சப்பையில் கொண்டுவந்து காட்டிய வெந்த துண்டு, கலப்பை மாதிரி முனை வளைந்து, மாவாக உடைந்தது. விதைக்கிழங்குச் சாக்கிலிருந்து உருண்டதை மாமியார் சர்க்கரைவள்ளி என்று வேகவைத்துவிட்டார்.

அந்தக் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின், செல்கள் பெருகுவதை நிறுத்துகிற விஷம். முதலில் குடல், அதனால் வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் ஆள் தெளிந்த மாதிரி இருப்பார். எலும்பு மஜ்ஜை அடிவாங்குவது வெளியே தெரியாது. கவுட் என்னும் மூட்டு வலிக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரையும் இதுதான், அளவுதான் வேறு.

இதையெல்லாம் நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பதினெட்டுக் கட்டிலுக்கு ஒருத்தி நான், நேரமில்லை. 'இன்னும் ரெண்டு நாள் இருங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டாக்டர் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. நம்ம ஊர்ப் பேச்சு பேசுகிற சிஸ்டர் சொன்னது ஏறிவிட்டது. இல்லை, பணம்தான் காரணமோ? அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வருகிறது.

மூன்றாம் நாள் அந்த அம்மாவின் கணவர் ஈறில் ரத்தத்தோடு திரும்பி வந்தார். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் தரைக்கு இறங்கியிருந்தன. மாற்று மருந்தென்று கையில் எதுவும் இல்லை. ரத்தம் ஏற்றி, கிருமி அண்டாமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். பிழைத்தார்.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர் துண்டை அவிழ்த்துக் காட்டினார். விஷத்தில் முடி முழுக்கக் கொட்டியிருந்தது. "பழனிக்குப் போகாமயே மொட்டைங்க சிஸ்டர்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நல்லதுன்னு சொன்னீங்கல்லங்க, உங்க வாக்குப் பலிச்சுதுங்க."

கையை எடுக்கத் தோன்றவில்லை. மீதிக் கிழங்கை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நட்டாச்சுங்க."