ரிப்போர்ட் நார்மல், சட்டைதான் போட முடியவில்லை

இடது விலாவில் வந்த அக்கி மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் நகரவில்லை. சரியான மருந்து கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. நடுவில் வீணான நாட்களை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

முதல் டாக்டர் சாதாரண வலி மாத்திரை எழுதினார். வயிறு எரிந்ததுதான் மிச்சம். இரண்டாமவர் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்பினார். அரை நாள் காத்திருப்பு. வலி இருப்பது விலாவில். ஷாக் கொடுத்துப் பார்த்ததோ கையிலும் காலிலும். "எல்லாம் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும், எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் தெரியவே தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை நம்பி என்னையே சந்தேகப்பட்டேன்.

மூன்றாவது இடத்தில் முதல் கேள்வியே, "அக்கி வந்த தேதி என்ன?" பழைய சீட்டை எப்போதோ கிழித்துப் போட்டிருந்தேன். நல்லவேளை, கொப்புளத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தேதி கிடைத்தது. (தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லதாம். நான் போனதே ஒரு வாரம் கழித்து.)

பிறகு விலாவைப் பஞ்சால் லேசாக வருடினார். துள்ளிவிட்டேன். வலது பக்கத்தில் அதே பஞ்சு வெறும் பஞ்சுதான்.

அவர் சொன்னது இது: எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருடம் பதுங்கிக் கிடந்து, விழித்தபோது அந்த நரம்பையே சிதைத்துவிட்டது. சிதைந்த இழை யாரும் தொடாமலே சமிக்ஞை அனுப்பும். அது ஓயாமல் வந்து மோத, தண்டுவடத்தில் அதை வாங்கிக் கடத்தும் செல்கள் முறுக்கேறிவிடும். அடக்கிவைக்க வேண்டிய செல்கள் தளர்ந்துபோகும். அப்புறம் துணி உரசினால்கூட வலியாகத்தான் மூளைக்குப் போகும். தண்டுவடம் இப்படி வலிக்குக் கூர்மையாவதை 1983-லேயே கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டிவிட்டார் என்று பிறகு படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைக் கொடுத்தார். காயத்தை ஆற்றாது, நரம்பு முனையில் கால்சியம் நுழைவதைக் குறைத்து அந்தச் சமிக்ஞையின் சத்தத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். முதல் வாரம் தலைசுற்றல். நானாகவே நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அளவை மெல்ல ஏற்ற வேண்டும், இறக்குவதும் அப்படியே. பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

டாக்டரிடம் போகிறவர்கள் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எரிகிறதா, ஷாக் அடிக்கிறதா, துணி பட்டால் தாங்கவில்லையா, தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். என்னைக் காப்பாற்றியது ரிப்போர்ட் இல்லை, அந்தப் பஞ்சுதான்.

இரவில் எரிச்சல் இன்னும் எட்டிப்பார்க்கிறது. ஆனால் போன வாரம் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வெளியே போய்வந்தேன்.