காரையாறு வழியில் புலிப் பேச்சு

நெல்லை மாவட்டத்துப் பாபநாசம் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட்டார்கள். விடாப்பிடியான சோதனைதான்; எனக்கு அது பிடித்திருந்தது. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டு வெளியே வந்தபோது, மர நிழலில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர்.

"புலியைப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"கால்தடம் நெறையப் பாத்திருக்கேன் சார். ஆளைப் பாத்தது கொஞ்சம்தான்."

களக்காடு-முண்டந்துறை 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. ஆனாலும் இந்த மழைக்காட்டில் புலிகள் நெருக்கமாக வாழ்வதில்லை. வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து விட்டால் என்ன என்று கேட்டேன்.

"வர்ற புலிக்கு மிளா வேணும்லா?" என்றார். மிளா என்றால் கடமான், புலியின் இரை.

வடக்கே இதைச் செய்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் கள்ளவேட்டையால் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. 2008-இல் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். மறு வருடம் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் அதே கதை. அங்கே பெஞ்ச் என்ற காட்டிலிருந்து வந்த ஆண்புலி தங்கவில்லை. பழைய காட்டுத் திசை பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது! ஊர், வயல், ரோடு எல்லாம் தாண்டி ஒரு மாதம். யானைகளோடு பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2010-இல் குட்டிகள் பிறந்தன. இன்று அங்கே ஐம்பதுக்கும் மேல். அந்த ஊழியர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒடிசாவின் சத்கோசியாவில் 2018-இல் விட்ட ஆண்புலி சில மாதத்திலேயே கண்ணியில் சிக்கிச் செத்தது. பெண்புலியை ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை. கடைசியில் மத்தியப் பிரதேசத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அடிவார மக்கள் மனசு வைக்காத காட்டில் புலியை இறக்கி என்ன பயன்?

நம்ம பக்கம் நிலைமை வேறு. இங்கே புலி அற்றுப்போகவில்லை, வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. வடக்கே பெரியாறு காட்டில் புலிகள் உண்டு. நடுவில் செங்கோட்டைக் கணவாய்: கொல்லம் ரோடு, ரயில் பாதை, ரப்பர் தோட்டங்கள். லாரிகள் ராத்திரியும் ஓய்வதில்லை. அந்த இடைவெளியில் காடு தொடர்ந்து கிடந்தால் புலி தானே நடந்து வரும். கூண்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இருக்கிற பணத்தை முதலில் அங்கேதான் போட வேண்டும் என்பேன்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "யானைக்கும் அதே வழிதான் சார், சேத்துச் சொல்லுங்க" என்றார்.