மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் உள்ள பெண் கருவுற்றதும் வீட்டில் எழும் முதல் குரல், “இனி அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம், குழந்தைக்கு ஆகாது” என்பதே. இந்நோயோடு வாழ்ந்து, ஒரு மகளைப் பெற்றெடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அறிவுரையில் பாதிதான் உண்மை.

இந்நோய்க்கு வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கருச்சிதைவுக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் காரணமாகக்கூடும் என்பதால், கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்திவிட வேண்டும். லெஃப்லுனோமைடு என்ற மற்றொரு மருந்து உடலில் நெடுநாள் தங்குவது. அதை வெளியேற்றவே தனி மருந்து தருவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் அப்படிப்பட்டவை அல்ல. ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு பேறுகாலம் முழுவதும் அவற்றைத் தொடரலாம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும்போது நோய் சீறுகிறது. அந்தச் சீற்றமும் குழந்தையைத் தாக்கும் என்பதைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. நெதர்லாந்தில் முடக்குவாதமுள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களின் பேறு பெரும்பாலும் மற்றப் பெண்களின் பேற்றைப் போலவே அமைந்தது. அழற்சி மிகுந்திருந்தவர்களுக்கோ குழந்தையின் எடை குறைந்தது. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிரசவம் சற்று முந்தி நிகழ்ந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

“கர்ப்பமானால் வாதம் தானே அடங்கிவிடும்” என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938இலேயே இதைப் பதிவு செய்தார். அந்தத் தேடலே பின்னர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கும், 1950இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசுக்கும் வழிவகுத்தது. ஆனால் எல்லோருக்கும் அடங்குவதில்லை. நோய் தீவிரமாக இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே தணிந்ததாக அந்த நெதர்லாந்து ஆய்வு கூறுகிறது. எனக்குத் தணிந்தது. காலையில் விரல்கள் இறுகிக் கிடப்பது குறைந்து, தோசைக்கரண்டியை வலியின்றிப் பிடிக்க முடிந்தது.

பிரசவமாகிச் சில வாரங்களில் நோய் திரும்பியது. மணிக்கட்டு வீங்கி, மகளைத் தொட்டிலிலிருந்து தூக்க இரு முன்கைகளையும் அவளுக்கு அடியில் நுழைக்க வேண்டியிருந்தது. ஜப்லாவின் நாடாவை என் அம்மாதான் முடிந்துவிட்டார். பலருக்கும் நேர்வதுதான் இது. தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவு பிரட்னிசோலோன் அவற்றுள் ஒன்று. ஆகவே எட்டாம் மாதத்திலேயே வாதநோய் மருத்துவரிடம் இதைப் பேசி வையுங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில், குழந்தையின் எதிர்ப்பு ஆற்றலையும் குறைக்கக்கூடிய உயிரியல் (பயலாஜிக்) ஊசி மருந்து போட்டிருந்தால் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; நம் ஊரில் காசநோய்க்கு எதிராகப் பிறந்ததுமே போடும் பிசிஜி உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி என்பதால், அதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்.