பதினாலாம் நம்பர் வண்டி

பிப்ரவரி 4
பார்த்துட்டு வந்தேன். செட்டிபாளையம் தாண்டி ஒரு தோப்பு, உள்ளே தகரக் கொட்டகை. தார்ப்பாயை உருவினதுக்கப்புறம் அவர் பேசினது பாதி காதில் விழலை. ஃபார்முலா மாருதி, மாருதி 800 இன்ஜின் போட்ட ரேஸ் வண்டி. ஒத்தை சீட்டு, மூக்கில் 14. "தொண்ணூத்தொண்ணுல சோழவரத்துல ஓடுன வண்டிங்க. நரேன் கார்த்திகேயன்கூட ஒருக்கா ஓட்டிருக்காரு." நாலரை லட்சம் சொல்றார்.

பிப்ரவரி 5
ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் ஓட்டாத பழைய ஃபார்முலா மாருதி ஒண்ணைக்கூட இதுவரைக்கும் யாரும் எனக்குக் காட்டினதில்லை.

பிப்ரவரி 7
அப்பாவுக்கு இடது கண்ணுல ஆபரேஷன். இருபது நிமிசம்னாங்க, வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மண்டைக்குள்ள அந்த 91தான். இருங்காட்டுக்கோட்டையில 1990லேயே டிராக் திறந்தாச்சு. அதுக்கப்புறம் சோழவரத்துல, அந்த யுத்த காலத்து ரன்வேயில, யார் ரேஸ் ஓட்டினாங்க?

ஆனா இதை வெச்சு ஆளைப் பொய்யன்னு சொல்லிட முடியாது. மெட்ராஸ்ல எங்கே ரேஸ் நடந்தாலும் அப்பாவுக்கே அது சோழவரம்தான்.

பிப்ரவரி 9
மறுபடி போனேன். வீட்டில் டயர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு.

இன்ஜின் மூணு சிலிண்டர்தான், ஆனா பன்னிரண்டு வால்வு, இன்ஜெக்ஷன். 2000க்கு அப்புறம் 800ல வந்தது. சரி, ரேஸ் வண்டியில இன்ஜின் மாத்தாம யார் வெச்சிருப்பாங்க. பாடி ஃபைபர், அச்சு கையில் இருந்தா எத்தனை வேணும்னாலும் ஊத்தி எடுக்கலாம். பெட்ரோல் மூடி ஓரத்தில் வண்டிச் சாவியால லேசாக் கீறிப் பார்த்தேன். வெள்ளைக்கு அடியில் மஞ்சள், அதுக்கும் அடியில் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் சந்தோசம். ஏன்னு தெரியலை.

மிச்சம் சேஸிதான், பைப்பை வெல்டு வெச்சுக் கட்டின அந்தக் கூடு. நம்பர் தகடு பழசு, நாலு ஓரமும் மழுங்கி எழுத்து தேய்ஞ்சு கிடக்கு. அதைப் பிடிச்சிருக்கிற பாப் ரிவெட் ரெண்டும் பளபளன்னு புதுசு.

மாமாவோட ஓட்டை ஆம்னிக்கு ஆர்.சி. இருக்கு, எத்தனாவது ஓனர்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ் சொல்லிடும். இதுக்கு என்ன இருக்கு? ரோட்டுக்கே வராத வண்டி. லாக் புக் கேட்டா "வெள்ளத்துல போயிருச்சுங்க". தோப்பு மேட்டில் இருக்கு.

பிப்ரவரி 10
சொட்டு மருந்து நாலு வேளை. ரிவெட் ஏன் புதுசு?

பிப்ரவரி 12
அப்பாகிட்ட வண்டி விஷயத்தைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். "நம்பர் என்ன?"ன்னார். பதினாலுன்னதும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. ஃபார்முலா மாருதியை உருவாக்கின கரிவர்தன் 1995ல விமானம் விழுந்து இறந்தப்போ மூணு நாள் பட்டறைப் பக்கம் போகாம இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அவராவே ஆரம்பிச்சார். பதினாலு முன்னாடி இடது பக்கம் அடிபட்டு வந்துச்சாம். கீழ் பைப்பை அறுத்து, உள்ளே சின்ன பைப் ஒண்ணைச் சொருகி, சுத்தி வெல்டு வெச்சது இவர். "முடிக்கிற எடத்துல நகம் அளவு குழி விழுந்துருச்சு. மேஸ்திரி பார்த்துட்டு அசிங்கமாத் திட்டினான்."

முப்பது வருசத்துல இதை ஒரு தடவைகூட என்கிட்ட சொன்னதில்லை.

பிப்ரவரி 13
பெங்களூர் பார்ட்டி ஞாயித்துக்கிழமை வருதாம். எல்லா வண்டிக்கும் ஒரு பெங்களூர் பார்ட்டி இருக்கு.

பிப்ரவரி 15
செல் டார்ச்சோட வண்டிக்கு அடியில் படுத்தேன். முன்னாடி இடது கீழ் பைப், அது ஒண்ணு மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட். கையில் ஒட்டுது. விரலால் தடவிக்கிட்டே போனேன். ஒரு எடத்தில் ஏதோ பள்ளம் மாதிரி பட்டுச்சு. திரும்ப வந்தேன், படலை. மூணாவது தடவை பட்டுச்சு.

சுரண்டிப் பார்க்கட்டுங்களான்னேன். "வாங்கிட்டு உங்க ஊட்டுல வெச்சு எம்புட்டு வேணாலும் சுரண்டுங்க." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார்.

அவர் மறைக்கிறாரா, துருவுக்கு அடிச்ச பெயின்டா? அந்தப் பைப்புக்கு மட்டும் என்ன துரு?

பிப்ரவரி 16
குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, ஒரு மாசம். "கண்ணு எதுக்குடா? என் கையைக் கொண்டுபோய் அந்தப் பைப்புல வை, போதும்." அம்மா என்னைப் பார்த்த பார்வை.

முடியாதுன்னு சொல்லிட்டேன்.

பிப்ரவரி 17
அஞ்சு மணிக்கே எழுந்து சட்டை மாட்டிக்கிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கார். கறுப்புக் கண்ணாடி. கையில் உப்புத்தாள், நாலா மடிச்சு.